சொந்தக் கத்திரி

ஒனேசிம் அர்சனோ
ரிப்பன் வெட்டத் தன் கத்திரியைத்தான் கொண்டுபோவார்.
வெல்வெட் தட்டில் நீட்டுவார்களே தங்க முலாம் கத்திரி,
அது வெட்டாது, மெல்லும் என்பார்.
இருபது வருஷம் ஆணியும் பெயின்டும் விற்ற கை.
கடைக் கத்திரி; பிடியில் பச்சை எனாமல் பாதி உதிர்ந்தது.

நான் அவர் துறையில் சுற்றுலாக் கையேடு எழுதினேன்.
பெயர்ச்சொற்கள் மாகாணத்துடையவை,
அவற்றுக்கு முன்னால் வருபவை என் சம்பளம்.
கறைபடாத கடற்கரை.
காலம் மறந்த துறைமுகம்.
'காலம் மறக்கவில்லை, ரயில்வே மறந்தது' என்று
பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பினார்.
அச்சகம் பென்சிலைப் பார்க்கவில்லை.
எழுபதாயிரம் பிரதி, இரண்டு மொழியிலும்.

முதல் தேர்தலில் ஒரே வாக்குறுதி:
காகித ஆலை ஓடும்.
ஓடியது, பதினோரு வருஷம்.
அவித்த முட்டைகோஸ் அழுகியதுபோல ஊர்மேல் படுத்திருக்கும் அந்த நாற்றத்துக்கு
பெல்ரிவில் வேறு பெயர்: வியாழக்கிழமை.
வியாழனன்று சம்பளம்.

தொழிலும் சுற்றுலாவும் ஒரே மேசையில் வந்தபோது
ஓசாகாவுக்கு மூன்று தடவை போனார், டுசல்டார்ஃபுக்கு இரண்டு.
கொண்டுவந்தது ஒரு கால் சென்டர்.
பதினாறு மாதம் இருந்தது.
நாற்காலிகளை ஏலம் விட்டார்கள்;
ஒன்றில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்,
இடப்பக்கம் சாயும்.

ஆலை மூடியது ஒரு ஜனவரியில்.
வாசலில் தனியாகப் போய் நின்றார்.
கூட்டத்திலிருந்து ஒரு தெர்மாஸ் மூடி பறந்து வந்து
நெற்றியில் பட்டது.
குனிந்து எடுத்தார், பனியைத் துடைத்தார்,
'யாருடையது? காபி ஆறிப்போகும்' என்றார்.
யாரும் கை தூக்கவில்லை.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் அந்த மீன்.
நாற்பதடி ஹெர்ரிங், ஃபைபர் கண்ணாடி,
நெடுஞ்சாலையைப் பார்த்து வாயைப் பிளந்தபடி.
தலைநகரில் சிரித்தார்கள். நானும்தான்.
ஆனால் கார்கள் நின்றன.
மோட்டல் ஜன்னலிலிருந்து நம்பர் பிளேட்டுகளை
சிகரெட் அட்டையில் குறிப்பார்:
ஒன்டாரியோ ஒன்பது, மெய்ன் நான்கு,
ஜெர்மன்காரர் வேன் ஒன்று; இரண்டு தரம் அடிக்கோடு.

திறப்பு விழா ஜூலையில்.
மூன்றாம் நம்பர் எந்திரத்தை ஓட்டிய எல்ஃபேஜ் கிமோன்
மீன் உடைக்குள் நின்றார்,
பழைய கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு
குழந்தைகளுக்குக் கையசைத்தபடி.
ரிப்பன் தயார். பாண்டு வாத்தியம் ஓய்ந்தது.
செவுளுக்குள்ளிருந்து ஒரு குரல்:
'ஒனேசிம், மூச்சு முட்டுகிறது.'

அமைச்சர் ரிப்பனை விட்டார்.
நேரே போய், இடது கையால் துணியை இழுத்துப் பிடித்து,
செவுளுக்குக் கீழே ஒரு வெட்டு,
சுற்றி வந்து மறுபக்கம் இன்னொன்று.
அளவாக, கித்தான் விற்றவர் வெட்டுவதுபோல.
மறுநாள் பத்திரிகையில் படம் பெரிதாக வந்தது:
அமைச்சர் மீனைக் குத்துகிறார்.
உடையின் விலை இரண்டாயிரத்து நானூறு டாலர் என்று
சட்டமன்றத்தில் கேள்வி கேட்டார்கள்.
என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள்.
அந்த ஒருமுறை எனக்கு அடைமொழி வரவில்லை.

இலையுதிர் காலத்தில் தோற்றார். நாற்பத்தொரு ஓட்டு.
'அதில் என்னுடையதும் ஒன்று' என்றார் எல்ஃபேஜ்,
யாரும் கேட்காமலே, மதுக்கடையில்.
'காற்றுக்கு நன்றி சொன்னேன். ஓட்டு வேறு.'
ஒனேசிம் இரண்டு ஸ்டூல் தள்ளித்தான் இருந்தார்.
சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார்,
அல்லது கழுத்து வலித்திருக்கலாம்.

இப்போது மறுபடி கடை.
கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது
அந்த தெர்மாஸ் மூடி,
உரியவர் பெற்றுக்கொள்ளலாம் என்ற சீட்டோடு.

போன ஜூனில் புதிய அமைச்சர் வந்தார்,
கடலோர நடைபாதை திறக்க.
தங்கக் கத்திரி ரிப்பனை மென்றுகொண்டே இருந்தது.
உதவியாளர் பையன் வியர்த்து ஓடி வந்தான்:
ஒரு நிமிஷத்துக்குத் தருவீர்களா?

ஒனேசிம் பச்சைப் பிடிக் கத்திரியை எடுத்துத் துடைத்தார்.
'ஐந்து டாலர் முன்பணம்' என்றார்,
ரசீதுப் புத்தகத்தைத் திறந்து
பேனாவை உதறினார்.
'பெயர்?'